வீடு அவள் பெயரில், மேசை யார் பெயரில்?

லண்டனில் ஒரு புத்தக அறிமுகக் கூட்டம். பெண்கள் எழுதுவதற்குத் தனியறையும் தமக்கென்று ஒரு வருமானமும் வேண்டும் என்று ஓர் இளம்பெண் பேசினார். வேர்ஜினியா வூல்ஃப் 1928இல் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் ஆற்றிய உரைகளையும், அவை 1929இல் நூலாக வந்ததையும், ஆண்டுக்கு 500 பவுணும் பூட்டுப் போடக்கூடிய ஓர் அறையும் என்ற அந்த அம்மையாரின் கணக்கையும் எடுத்துச் சொல்லிவிட்டு அமர்ந்தார். முன்வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தார். வல்வெட்டித்துறைக்காரர். பாய்க்கப்பல் ஓட்டிய குடும்பம்.

"பிள்ளை, அது வெள்ளைக்காரியின்ரை குறை. அவளுக்கு வீடுமில்லை, வளவுமில்லை. எங்கட ஊரிலை வீடே பெண்ணின்ரை பேரிலைதான். கலியாணம் முடிச்சு நாங்கள்தான் பெண் வீட்டுக்குப் போறனாங்கள். முழு வீடும் சொந்தமாயிருக்கிறவளுக்கு ஓரறை என்னத்துக்கு?"

மண்டபம் கைதட்டியது. அந்தப் பெண் ஏதோ பதில் சொன்னார், கைதட்டலில் அது கேட்கவில்லை. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று சிரித்ததற்குப் பரிகாரமாகவே இதை எழுதுகிறேன். நானும் வல்வெட்டித்துறையிற் பெண்ணெடுத்தவன். மனைவியின் சீதன வீட்டில் நெடுங்காலம் குடியிருந்தவன். பெரியவருக்குப் பதில் சொல்லும் கடமை மற்றவர்களை விட எனக்கே கூடுதலாக உண்டு.

முதலில் அவர் சொன்னதில் உள்ள உண்மையை ஏற்றுக்கொள்வோம். 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய தேசவழமை சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று வகுத்தது. தாயின் சீதனம் மகளுக்கு இறங்கியது. பிறந்தகத்திலிருந்து வெறுங்கையோடு புகுந்த வீட்டுக்குப் போய், மாமியார் கொடுக்கும் மூலையில் ஒதுங்கும் பெண்ணின் கதை வேறு ஊர்களுக்குப் பொருந்தலாம். வடமராட்சிக் கரையோரத்தில் பொருந்தாது. அங்கே மருமகன்தான் பெட்டியோடு வந்து இறங்குவான். சீதன உறுதியைக் கையில் வைத்திருக்கும் பெண்ணின் தாய், அவன் தலைநிமிர்ந்து நடந்தாலும் ஒரு கண் வைத்திருப்பார். இந்திய நண்பர்கள் பலர் இதைக் கேட்டு வியந்திருக்கிறார்கள். இதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு.

ஆனால், பெரியவர் உறுதியின் முதற்பக்கத்தை மட்டுமே வாசித்துவிட்டு எழுந்து பேசினார். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தை அவர் புரட்டவில்லை. மனைவியின் அசையாச் சொத்து மனைவிக்கே உரியது என்று சொன்ன அதே சட்டம், அதை அவள் உயிரோடிருக்கையில் விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றும் சொன்னது. கணவன் தன் முதுசத்தை விற்க மனைவியின் சம்மதம் கேட்கப்படவில்லை. கணவன் நியாயமின்றி மறுத்தால், அவளைக் கைவிட்டுப் போயிருந்தால், சித்தம் கலங்கியவனாக இருந்தால், இருப்பிடமே தெரியாதவனாக இருந்தால், அவள் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுக்கொடுத்து அனுமதி பெறலாம். இருப்பிடமே தெரியாதவன்! 1911இல் இச்சொற்களை எழுதியவர் கடலோடியை நினைத்தாரோ, மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவனை நினைத்தாரோ, யார் கண்டது. போருக்குப் பின்னர் வடக்கில் அந்தச் சொற்களுக்கு வந்து சேர்ந்த பொருளை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

ஆக, வீடு அவளுடையது, அவளுடைய கையொப்பத்துக்கு மட்டும் துணைக் கையொப்பம் தேவை. ஒரு நூற்றாண்டு இப்படிப் பழகியது. எழுதுவது என்பதும் தன் பெயரில், தன் பொறுப்பில், ஒருவரின் சம்மதமும் கேளாமல் ஒப்பமிடுகிற காரியந்தான். சொந்த வளவை எழுதிக்கொடுக்கவே இன்னொருவர் சம்மதம் வேண்டும் என்று பழக்கப்பட்ட ஒருத்தி, சொந்த மனத்தை எழுத யாரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று தயங்கியிருந்தால் அதில் ஆச்சரியம் என்ன?

சட்டத்தை விடுவோம். வீட்டுக்குள் வருவோம்.

எங்கள் பக்கத்துக் கல்வீடு ஒன்றை மனத்தில் வரைந்து பாருங்கள். படலையைத் திறந்தால் விறாந்தை. அங்கே சாய்மனைக் கதிரை, அது ஆண்களுக்கு. உள்ளே மண்டபம், அது வருபவர்களுக்கு. சாமியறை கடவுளுக்கு. ஓர் அறை குமர்ப்பிள்ளைக்கு, அவள் கலியாணம் முடிக்கும் வரைக்கும். ஓர் அறையில் நெல்மூட்டையும் பெட்டகமும். வெளிச்சமும் காற்றும் வரும் யன்னலோரத்தில் மேசை, அது சோதனைக்குப் படிக்கிற பொடியனுக்கு. பின்னால் குசினி, அதற்கும் பின்னால் கிணற்றடி. வீட்டின் சகல திறப்புகளும் அவளுடைய இடுப்பில்தான் தொங்கும். உள்ளே நின்று அவள் சாத்திக்கொள்ளக்கூடிய கதவு எது என்று தேடிப் பாருங்கள். அம்பை தம் கதை ஒன்றுக்கு 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று பெயர் வைத்தார். அந்தக் கதை நடக்கும் வீடு இராஜஸ்தானில் இருக்கிறது. எனக்கு அது ஊரிக்காட்டுக்கும் தீருவிலுக்கும் இடையில் எங்கோ இருப்பதாகவே தோன்றியது.

உள்ளிருந்து தாழ் போடக்கூடிய ஒரே இடம் குளியலறை அல்லது கழிவறை. இது வெறும் நையாண்டி அன்று. தமிழ்நாட்டில் துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மா பூப்படைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். மணமான பின்னர் வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் கழிவறைக்குள் நின்று எழுதினார். எழுதியதை ஒளித்து வைத்தார். இயற்பெயரில் அச்சேற்ற முடியாமல் புனைபெயர் பூண்டார். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' 2000இல் வந்தது. நாங்கள் எல்லோரும் வாசித்துப் பாராட்டினோம். ஒரு மொழியின் முக்கியமான கவிதைத் தொகுதிகளில் ஒன்று எந்த இடத்தில் எழுதப்பட்டது என்பதற்காக வெட்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

பெரியவரிடம் இன்னொரு வாதமும் இருந்தது. தேநீர் குடிக்கும்போது சொன்னார். கடலுக்குப் போனவன் மாதக்கணக்கில் திரும்பமாட்டான். றங்கூனுக்கும் கொச்சிக்கும் நாகபட்டினத்துக்கும் கப்பல் ஓடிய காலத்தில் வீட்டை ஆண்டவள் பெண்தான். தனிமை வேண்டுமென்றால் அவளுக்கு அது வேண்டிய மட்டும் இருந்ததே, அப்போது ஏன் எழுதவில்லை?

கேட்கத்தக்க கேள்விதான். கணவன் இல்லாத வீட்டில் பெண் தனியே இருக்கிறாள் என்று நினைப்பவர் அப்படிப்பட்ட வீட்டில் ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை. தாய், தாயின் சகோதரிகள், கணவனின் தமையன், பக்கத்து வளவுக்காரர், அம்மன் கோயில் வீதியில் நிற்பவர்கள், அத்தனை பேரும் அவனுக்குப் பதிலாகக் கண்ணாகிவிடுவார்கள். அவன் இருக்கும்போது அவளைப் பார்ப்பது இரண்டு கண். அவன் கடலில் இருக்கும்போது ஊர்க்கண். விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது என்பது மறுநாள் கிணற்றடியில் பேச்சாகும். அடகு வைத்த சங்கிலியை மீட்பது, பிள்ளையின் காய்ச்சல், வேலி அடைப்பு, சம்பந்தம் பேசுவது, எல்லாம் அவள் தலையில். காத்திருப்பதும் ஒரு வேலைதான். முழுநாள் வேலை.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். கப்பல் கட்டியவர்களைப் பற்றியும் ஓட்டியவர்களைப் பற்றியும் படிக்கக் கிடைக்கிறது. அவர்களை வழியனுப்பிவிட்டு, புயற்செய்தி வந்த இரவுகளில் விழித்திருந்த ஒருத்தி தன் கையால் எழுதிய ஒரு பக்கமாவது இத்தனை ஆண்டுப் பத்திரிகைத் தொழிலில் என் கைக்கு வந்ததில்லை. அந்தப் பயணத்தின் பாதிக்கதை கரையிலேயே இருந்தது. அதை எழுதக்கூடியவர்கள் எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அவர்களுடைய சொற்கள் ஒருபோதும் தாளில் ஏறவில்லை என்று சொல்லமாட்டேன். ஏறின, பிறர் கையெழுத்தில். 1989 ஆகஸ்ட் 2ஆம் திகதி முதல் 4ஆம் திகதி வரை இந்திய அமைதிப்படை வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. ஊரின் பிரஜைகள் குழுவினர் உயிர்தப்பியவர்களிடம் சத்தியக்கடதாசிகளைப் பெற்றார்கள். பெறுமதிமிக்க பணி. அது நடந்திராவிட்டால் அந்த மூன்று நாட்களும் வதந்தியாகவே எஞ்சியிருக்கும். ஆனால், சத்தியக்கடதாசிக்கு ஒரு வடிவம் உண்டு. பெயர், வயது, முகவரி, சம்பவ தினம், கண்டது, கேட்டது, கையொப்பம். அதற்குப் பின் வந்த இரவுகளுக்கு அதில் இடம் இல்லை. எங்கள் பெண்கள் மனுவிலும் முறைப்பாட்டிலும் சாட்சியத்திலும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆணைக்குழுக்கள் வந்து உட்கார்ந்தபோதெல்லாம் வரிசையில் நின்று பேசினார்கள். மற்றவர் கேட்ட கேள்விக்கு, மற்றவர் வரைந்த கட்டத்துக்குள். கேள்வியையும் தானே போட்டுக்கொண்டு எழுதுவதற்குத்தான் அறை வேண்டும்.

ஈழத்தில் பெண்கள் எழுதிய காலங்களைப் பாருங்கள், அறையின் அருமை புரியும். எங்கள் முதற் பெண் நாவலாசிரியராகக் கருதப்படும் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' நூலை 1914இல் வெளியிட்டார். மிஷன் கல்வியின் சூழலில் வந்தவர். 1824இலேயே அமெரிக்க மிஷன் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பள்ளி தொடங்கியிருந்தது. மிஷனின் நோக்கம் எதுவாயிருந்தாலும், வீட்டுக்கு வெளியே பெண்ணுக்கு ஒரு கட்டிலும் மேசையும் விளக்கும் கிடைத்தது அங்கேதான். பிறகு 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில், 1986இல், பத்துப் பெண்களின் கவிதைகளோடு 'சொல்லாத சேதிகள்' வந்தது. சித்திரலேகா மௌனகுரு அதைத் தொகுத்தார், யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்டது. அந்தச் சிறு நூல் வந்தபோது பத்திரிகை அலுவலகங்களில் எழுந்த முணுமுணுப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "இதெல்லாம் ஒரு கவிதையோ" என்றவர்களில் என் மதிப்புக்குரிய மூத்தவர்களும் இருந்தார்கள். விடுதியறையும் நூலகமும் நம்பிப் பேசக்கூடிய தோழியரும் கிடைத்த முதல் தலைமுறை அது.

அந்தத் தலைமுறைக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அறை கிடைத்தால் போதும் என்று வூல்ஃப் அம்மையாரை அப்படியே ஒப்புவித்துவிட்டுப் போக எங்களால் முடியாது. வல்வெட்டித்துறையில் சுடுகாடு அணையாத அந்த ஆகஸ்டுக்கு ஏழு வாரங்களின் பின், 1989 செப்டெம்பர் 21இல், யாழ் மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்புகையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. 'முறிந்த பனை' நூலில் போருக்குள் அகப்பட்ட பெண்களைப் பற்றிய பகுதி அவர் எழுதியது. விடுதலைப் புலிகளே கொன்றார்கள் என்பது அவருடைய சகாக்களின் முடிபு. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1991 மே மாதம் கவிஞர் சிவரமணி, கையிலிருந்த தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிர் துறந்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் கவிஞர் செல்வியைப் புலிகள் கைதுசெய்தார்கள். 1992இல் அமெரிக்க எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது அறிவித்தது. அவர் திரும்பி வரவேயில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குள் மூவர். மேசை, வேலை, படிப்பு, வெளியீட்டாளர் எல்லாம் இருந்தும் எழுத்தைக் காப்பாற்ற முடியவில்லை. துவக்கு வைத்திருந்த எல்லாத் தரப்புக்கும் பெண்ணின் துணிவு மேடையில் வேண்டியிருந்தது, போர்முனையில் வேண்டியிருந்தது. கொப்பியில் வேண்டியிருக்கவில்லை. இதைச் சொன்னால் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். அந்த இரண்டு ஆண்டுகளும் நானும் பத்திரிகைக்காரன்தான். நாங்கள் எதை அச்சிட்டோம், எதை அச்சிடாமல் விட்டோம் என்பது எனக்குத் தெரியும்.

போர் முடிந்த பின்னராவது மாறியதா? புலிகளின் மகளிர் அரசியற்றுறைக்குப் பொறுப்பாயிருந்த தமிழினி சிறையிலும் புனர்வாழ்விலும் இருந்து மீண்டு, தம் அனுபவங்களை எழுதி, 2015 ஒக்ரோபரில் புற்றுநோயால் இறந்தார். 2016இல் 'ஒரு கூர்வாளின் நிழலில்' வெளிவந்தது. அதன் கருத்துகளை ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பதற்கு நிறையவே இருந்தது. ஆனால், புலம்பெயர் நாடுகளில் எழுந்த முதற் கேள்வி என்ன? "இதை உண்மையில் எழுதியது ஆர்?" ஆண்போராளி எவராவது நினைவுக்குறிப்பு எழுதும்போது துரோகி என்பார்கள், பொய்யன் என்பார்கள். வேறு யாரோ எழுதிக்கொடுத்தது என்று இவ்வளவு எளிதிற் சொல்வதில்லை. ஆயிரக்கணக்கானோரை வழிநடத்த அவளால் முடியும், முந்நூறு பக்கம் எழுத முடியாதாம்.

இனிப் பணம். வூல்ஃப் அம்மையார் வாக்குரிமையைவிடப் பணத்தைத்தான் முக்கியமாகக் கருதினார் என்பதை எங்கள் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. சென்னையில் வை.மு. கோதைநாயகி அம்மாள் ஐந்து வயதில் மணமுடிக்கப்பட்டவர், பள்ளி காணாதவர். முதற் படைப்பைத் தோழி ஒருத்தி எழுத வாயாற் சொன்னவர். அவர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியது எப்படி? 1925இல் ஜகன்மோகினி இதழைத் தாமே எடுத்து நடத்தினார், பிறகு அச்சகமும் வைத்துக்கொண்டார். பிரசுரிக்கட்டுமா என்று எவரையும் கேட்க வேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை. எங்கள் பெண்ணின் பணம் எங்கே இருந்தது? கழுத்தில். அந்தத் தாலிக்கொடியும் காப்பும் கணவனைக் கப்பலேற்றவும் தம்பியை ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைக்கவும் கொழும்புக்கும் கனடாவுக்கும் இடையில் எங்கோ கரைந்தன. ஒரு மேசை வாங்க யாரும் காப்பை விற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

என் மனைவி திருமணத்துக்கு முன் இரண்டு சிறுகதைகள் எழுதி, இரண்டும் புனைபெயரில் அச்சில் வந்திருந்தன. பெண் பார்க்கும் பேச்சு நடந்தபோது, "பிள்ளை எழுதுவா" என்று என்னிடம் ஒரு தகுதியாகச் சொன்னார்கள். பத்திரிகைக்கார மாப்பிள்ளைக்குப் பொருத்தம் என்றும் சொன்னார்கள். அவருடைய சீதன வீட்டில் கதவும் யன்னலும் கடற்காற்றும் உள்ள அறை ஒன்றுதான் இருந்தது. வந்த முதல் வாரமே அது என் எழுத்தறை ஆயிற்று. யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை, அது தானாகவே நடந்தது. பிள்ளைகளுக்கு "அப்பா எழுதுகிறார், சத்தம் போடாதேங்கோ" என்று சொல்லிப் படலை வரை கொண்டுபோய் விட்டவர் அவர். அவர் எழுதுகிறார், சத்தம் போடாதீர்கள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. 1990இற்குப் பின் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் வீட்டில் ஜாம் போத்தல் விளக்குகள் இரண்டு இருந்தன. ஒன்று பிள்ளைகளின் கொப்பிக்கு. மற்றது என் மேசைக்கு. மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்பது அக்காலத்தில் அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். மூன்றாவது விளக்கை ஏற்றுவதென்பது பேச்சுக்கும் வந்ததில்லை.

இத்தனைக்கும் நான் பெண்ணுரிமை பற்றித் தலையங்கம் எழுதியவன். பெண்கள் பக்கத்துக்கு வரும் தாள்களில் கதையைத் தள்ளி வைத்துவிட்டுச் சமையற்குறிப்பைப் போடச் சொன்னவனும் நான்தான். இடம் போதாது என்பேன். அடுத்த பக்கத்தில் அரைப்பக்க அரசியல் ஆய்வு என்னுடையது.

லண்டன் கூட்டத்திலிருந்து வந்த இரவு மனைவியிடம் கேட்டேன், "நீர் ஏன் எழுதிறதை விட்டனீர்?" என்று. இத்தனை வருடத்தில் முதற் தடவையாக. அவர் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை நிமிரவில்லை.

"நான் எழுதியிருந்தா உங்கட புரூவை ஆர் பாத்திருப்பினம்?"

உண்மைதான். என் கட்டுரைகளின் பிழைகளையெல்லாம் திருத்தியது அவர்தான், குசினிப் படியில் இருந்துகொண்டு. என் பெயரில் வந்த நல்ல வசனங்கள் சிலவும் அவருடையவை.

பெரியவரே, நீங்கள் சொன்ன வீடு எனக்குத் தெரியும். அதற்குள் இருந்தவன் நான். அவள் பெயரில் இருந்தது சுவரும் கூரையும் வரியுந்தான். மேசை என் பெயரில் இருந்தது.

இன்று வல்வெட்டித்துறையில் எழும்புகிற வீடுகளைப் பார்க்கிறேன். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் போகிற காசில் எழும்புபவை. போன ஆண்டு உறவுக்காரப் பெண் ஒருத்தியின் சீதன வீட்டு வரைபடத்தைக் காட்டினார்கள். பள்ளி ஆசிரியை, நன்றாக எழுதக்கூடியவள். ஐந்து அறை, ஒவ்வொன்றுக்கும் குளியலறை. கார் விட ஒரு கூரை. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தங்குவதற்கென்று மேல்மாடி. கீழே, முன்பக்கம், யன்னலோடு 'அலுவலக அறை' என்று ஒரு சிறு கட்டம். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. "பிள்ளை இருந்து எழுதவோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை, மாப்பிள்ளை வந்தா லாப்டொப் வைச்சு வேலை செய்ய," என்றார் பெண்ணின் தகப்பன்.

மாப்பிள்ளைக்கு நோர்வேயில் வேலை. வருடத்தில் மூன்று கிழமை லீவு.